வயது போடாத சிங்கிள் மால்ட்: ஆறு கிளாஸ், ஐந்து பேர், போன என் மானம்

#1 மரப்பீப்பாய் (கிளாஸ்கோ)

போன சனிக்கிழமை ராத்திரி எங்கள் வீட்டில் ஒரு சோதனை நடந்தது. முடிவு எனக்குச் சாதகமாக இல்லாததால் இரண்டு நாள் எழுதாமல் தள்ளிப் போட்டேன். மச்சான் விடுவதாக இல்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

இங்கே நான் பல தடவை சொல்லியிருக்கிறேன்: லேபிளில் வயது இல்லாத ஸ்காட்ச்சைத் தொடாதே. பத்து, பன்னிரண்டு என்று ஒரு எண் போட்டிருந்தால் ஆள் நேர்மையானவன். "ரிசர்வ்", "செலக்ட்" என்று ஏதாவது பெயரும் படகுப் படமும் மட்டும் இருந்தால், வயதைக் கேட்டதும் பேச்சை மாற்றுகிற மாப்பிள்ளை. இதை விருந்துகளிலும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மனைவியின் தம்பி கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், "அத்தான், பாட்டிலைப் பார்க்காம ஒரு தடவை சொல்லுங்க பார்ப்போம்" என்றான்.

ஆறு பாட்டில்கள், எல்லாமே சிங்கிள் மால்ட், அதாவது ஒரே வடிசாலையில் மால்ட் பார்லியில் வடித்த ஸ்காட்ச். லஃப்ராய்க் 10, லஃப்ராய்க் குவார்ட்டர் கேஸ்க், டாலிஸ்கர் 10, டாலிஸ்கர் ஸ்டார்ம். ஐந்தாவது ஸ்காட்லாந்தின் ஸ்பேசைடு பக்கத்து 18 வருஷச் சரக்கு, 43%. வேலை மாறியபோது எனக்கு நானே வாங்கிக்கொண்டது, விலையை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. ஆறாவது, அதே ஸ்பேசைடில் வயது போடாத 40% ஒன்று, யாரோ பரிசாகக் கொடுத்தது. கடைசி இரண்டுக்கும் பெயர் வேண்டாம், சண்டை வரும்.

மனைவி சமையலறையில் வைத்து ஒவ்வொன்றிலும் 15 மில்லி ஊற்றி, நிறம் தெரியாதபடி கிளாஸைச் சுற்றி அலுமினியத் தாள் கட்டி, அடியில் எண் எழுதிக் கொண்டுவந்தாள். ஐந்து பேர். யாரும் யாரிடமும் பேசக்கூடாது. ஆளுக்கு ஒரு தாள், ஒரு பென்சில், கடிக்க உப்பில்லாத பிஸ்கட்.

என் தாளில் இருப்பதை அப்படியே தருகிறேன்.

கிளாஸ் 3: "டிங்சர் அயோடின். தண்ணீர் தெளித்து அணைத்த விறகடுப்பு. கொஞ்ச நேரம் விட்டால் தேங்காய் பர்ஃபி. வாயில் கெட்டியாக நிற்கிறது, மிளகு, பிறகு இனிப்பு. குறைந்தது 15 வருஷம். முதலிடம்."

கிளாஸ் 5: "மெல்லிசு. திராட்சை ஊறிய தண்ணீர். மூக்கில் ஒன்றுமே இல்லை. எட்டு வருஷம் இருக்கலாம். ஐந்தாம் இடம்."

தாளைப் பிரித்தார்கள். மூன்றாவது, வயது போடாத குவார்ட்டர் கேஸ்க். ஐந்தாவது, நான் விலை சொல்லாமல் மறைத்து வைத்திருக்கும் 18.

ஐந்து பேர் மதிப்பெண்ணையும் கூட்டினால் வரிசை இப்படி வந்தது: குவார்ட்டர் கேஸ்க், டாலிஸ்கர் 10, டாலிஸ்கர் ஸ்டார்ம், லஃப்ராய்க் 10, அந்த 18, கடைசியில் பரிசாக வந்தது.

ஆக, வயதுக்கும் ருசிக்கும் சம்பந்தமே இல்லை, இத்தனை நாள் உளறியிருக்கிறேன். மன்னிக்கவும்.

#2 திருவல்லிக்கேணி (சென்னை)

ஏர்போர்ட் டியூட்டி ஃப்ரீயில் குவார்ட்டர் கேஸ்க் என்று முதல் தடவை பார்த்தபோது 180 மில்லி பாட்டில்தானோ என்று எடுத்துப் பார்த்தவன் நான். நம்ம ஊர்க்காரனுக்கு குவார்ட்டர் என்றால் வேறு என்ன தோன்றும்?

அண்ணா, 18ஐ எட்டு என்று எழுதிய அந்தத் தாளை மட்டும் லேமினேட் பண்ணி வையுங்கள்.

#3 பழைய பெக்

தம்பி, மன்னிப்புக் கேட்க அவசரப்படாதே. முதலில் வயது என்று எதைச் சொல்கிறோம் என்று பார்.

2009ஆம் வருஷத்து ஸ்காட்ச் விஸ்கி விதிகளின்படி, லேபிளில் ஒரு வயது போட்டால் அது பாட்டிலில் இருப்பதிலேயே இளைய சரக்கின் வயது. 25 வருஷச் சரக்கு முக்கால் பங்கு இருந்தாலும், ஒரு சொட்டு ஆறு வருஷம் விழுந்தால் அது சட்டப்படி ஆறு வருஷ விஸ்கிதான். எண் போடாவிட்டாலும் மூன்று வருஷத்துக்குக் குறையக் கூடாது. 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் பீப்பாயில், ஸ்காட்லாந்திலேயே கிடந்திருக்க வேண்டும். அந்த மூன்று வருஷக் கணக்கும் முதல் உலகப் போர்க் காலத்தில் வந்தது: 1915ல் இரண்டு வருஷம் என்று சட்டம் போட்டு, அடுத்த வருஷமே மூன்றாக்கினார்கள்.

எண் போடாதது புதிய தந்திரம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நான் குடிக்க ஆரம்பித்த நாளில் க்ளென்ஃபிடிக்கின் முக்கோணப் பச்சை பாட்டிலில் எண்ணே கிடையாது, "ஸ்பெஷல் ரிசர்வ்" என்றுதான் வரும். 12 என்று போட்டதெல்லாம் 2000 வாக்கில்தான். எண்ணைப் பார்த்து வாங்கும் பழக்கத்தைப் பெரிதாக்கியது 1988ல் வந்த "கிளாசிக் மால்ட்ஸ்" வரிசை: லகவுலின் 16, டல்வின்னி 15, ஓபன் 14, க்ராகன்மோர் 12, டாலிஸ்கர் 10, க்ளென்கின்சி 10. பார்களில் ஆறும் வரிசையாக நிற்கும். நம்ம ஜானி வாக்கர் கதையும் பார், பிளாக் லேபிளில் 12 என்று இருக்கிறது, அதைவிடப் பல மடங்கு விலையுள்ள ப்ளூ லேபிளில் எண் இல்லை. கல்யாண வீட்டில் யாராவது ப்ளூ கொண்டுவந்தால் வயது எங்கே என்று கேட்டிருக்கிறாயா?

பிறகு ஏன் 2010க்கு மேல் எண் இல்லாத பாட்டில்கள் குவிந்தன? சரக்கு இல்லை. 1980களின் தொடக்கத்தில் விற்காத விஸ்கி கிடங்குகளில் தேங்கிவிட்டது. 1983ல் போர்ட் எல்லன், ப்ரோரா என்று வடிசாலைகளை வரிசையாக மூடினார்கள். மூடாத இடங்களிலும் வடிப்பதைக் குறைத்தார்கள். அன்றைக்கு பீப்பாயில் போடாததை 2010 வாக்கில் 25 வருஷச் சரக்காக எடுக்க முடியுமா? 2000க்குப் பிறகு உலகம் முழுக்க சிங்கிள் மால்ட் கேட்க ஆரம்பித்ததும், 12 என்று எழுதினால் 12க்குக் கீழே ஒரு சொட்டும் கலக்க முடியாது என்ற விதி கழுத்தைப் பிடித்தது. எண்ணை எடுத்துவிட்டால் ஏழு வருஷத்தையும் சேர்க்கலாம்.

இதில் பித்தலாட்டமும் உண்டு, நல்ல வேலையும் உண்டு. ஆர்ட்பெக்கின் ஊகடாலை யார் பித்தலாட்டம் என்பார்கள்?

#4 கொட்டடி (டொராண்டோ)

பழைய பெக் ஐயா சொன்னது சரி. ஆனால் அவர் காசுப் பக்கத்தைத் தொடவில்லை.

எண் இல்லாத போத்தல் வரலாம், எனக்குப் பிரச்சினையில்லை. எண்ணை எடுத்துவிட்டு விலையை ஏன் கூட்டினீர்கள் என்பதுதான் என் கேள்வி. இளைய சரக்கு என்றால் கிடங்கு வாடகை குறைவு, ஆவியாய்ப் போவதும் குறைவு. அந்த மிச்சம் எங்கே போனது? மக்காலன் 1824 வரிசை ஞாபகம் இருக்கிறதா? கோல்ட், ஆம்பர், சியென்னா, ரூபி. வயதுக்குப் பதிலாக நிறத்தை வைத்து வரிசை. கறுத்தது உசத்தி. இயற்கை நிறம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நிறத்தைப் பார்த்து விஸ்கியை எடை போடாதே என்று எனக்கு முதலில் சொல்லித் தந்ததே விஸ்கி எழுத்தாளர்கள்தானே?

மோர்ட்லாக் 2014ல் "ரேர் ஓல்ட்" என்று ஒன்றை விட்டது. பெயரில் ஓல்ட், லேபிளில் வயது இல்லை, போத்தல் அரை லிட்டர். சனம் திட்டித் தீர்த்தது. 2018ல் 12, 16, 20 என்று எண்களோடு திரும்பி வந்தார்கள். க்ளென்லிவெட்டும் 2015ல் பிரிட்டனில் 12ஐ ஓரங்கட்டி ஃபவுண்டர்ஸ் ரிசர்வை முன்னால் வைத்தது, பிறகு 12 திரும்பி வந்தது. எண்ணுக்கு மதிப்பே இல்லையென்றால் ஏன் எல்லாரும் திரும்பி வருகிறார்கள்?

நான் போன மாதம் ஒரு விமான நிலையக் கடையில் வாங்கிய ஒன்றைப் பற்றிச் சொல்லவே வெட்கமாயிருக்கிறது. மரப்பெட்டி, பித்தளைத் தகடு, கடலில் போகும் கப்பல், உள்ளே ஒரு சின்னப் புத்தகம். குடித்தால் வேகாத மாவும் நெயில் பாலிஷும். பெட்டியில் இப்போது மகள் கலர் பென்சில் போட்டு வைத்திருக்கிறாள்.

#5 நுகர்வோன்

நான் வேலை செய்வது உணவுக்கான வாசனைச் சேர்மானங்கள் தயாரிக்கும் இடத்தில். நாள் முழுக்க மூக்கை வைத்துத்தான் பிழைப்பு. அதனால் இந்தச் சோதனையைப் படித்ததும் கை துறுதுறுத்தது. கோபிக்க வேண்டாம்.

மரப்பீப்பாய், நீங்கள் சோதித்தது வயதை இல்லை. ஆல்கஹால் அளவை.

லஃப்ராய்க் 10 பிரிட்டனில் 40%. குவார்ட்டர் கேஸ்க் 48%. ஒரே வடிசாலை என்றாலும் எட்டு சதவீதம் வித்தியாசம். 48%ல் வாசனைப் பொருள்கள் அதிகம், வாயில் கெட்டித்தன்மை அதிகம், காரம் அதிகம். கண்ணைக் கட்டிக் குடிக்கும்போது "கெட்டியாக நிற்கிறது" என்பதை மூளை "பழையது" என்று மொழிபெயர்த்துவிடும். உங்கள் தாளிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள்.

குவார்ட்டர் கேஸ்க்கின் சங்கதியும் அதுதான். போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி முன்பு இருந்த பீப்பாயில் கிடந்த சரக்கை 125 லிட்டர் அளவுச் சின்னப் பீப்பாய்களுக்கு மாற்றி முடிக்கிறார்கள். பீப்பாய் சிறிசானால் ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் மரப்பரப்பு கூடும், மரம் வேகமாக இறங்கும். நீங்கள் எழுதிய தேங்காய் பர்ஃபி கற்பனை இல்லை. ஓக் மரத்தில் இருக்கும் லாக்டோன் என்ற பொருளுக்குத் தேங்காய் வாசம்தான். வனிலா வாசம் வனிலினிலிருந்து, கிராம்பு வாசம் யூஜெனாலிலிருந்து. யூஜெனால் நம் வீட்டுக் கிராம்பு எண்ணெயில் இருக்கும் அதே பொருள்.

ஆனால் மரம் ஏறுவது மட்டும் முதிர்ச்சி இல்லை. புதிதாக வடித்த சாராயத்தில் இருக்கும் பச்சை வாசங்கள், பேரிக்காய், ஊறிய தானியம், கொஞ்சம் கந்தகம், இவை போக வேண்டும். அதற்குக் காற்றும் நாளும் வேண்டும். சின்னப் பீப்பாய் முதல் வேலையை விரட்டிச் செய்யும், இரண்டாவதை அவ்வளவு விரட்ட முடியாது. கொட்டடி சொன்ன வேகாத மாவு அங்கேதான் மாட்டுகிறது: மரம் பூசியாயிற்று, உள்ளே பச்சை போகவில்லை.

பீட் புகை போட்ட சரக்கு, அதாவது பீட் என்ற சதுப்பு நில மண்ணை எரித்து அந்தப் புகையில் மால்ட்டை உலர்த்தியது மட்டும் விதிவிலக்கு. பீப்பாயில் கிடக்கக் கிடக்கப் புகை குறையும். இளசாக இருக்கும்போதுதான் முழுச் சத்தத்தோடு இருக்கும், பச்சை வாசத்தையும் மூடிவிடும். லஃப்ராய்க் வடிக்கும் ஐலா தீவுக்காரர்கள் எண் போடாமலே பேர் வாங்குவதற்கு இது ஒரு காரணம். ப்ரூக்லாடிக்காரர்களின் ஆக்டமோர் பெரும்பாலும் ஐந்து வருஷம்தான், அதையும் மறைக்காமல் சொல்லியே நல்ல விலைக்கு விற்கிறார்கள்.

இப்போது உங்கள் பட்டியலைத் திரும்பப் பாருங்கள். அதில் நியாயமான ஜோடி ஒன்றே ஒன்று: டாலிஸ்கர் 10, டாலிஸ்கர் ஸ்டார்ம். இரண்டுமே 45.8%. அந்த ஜோடியில் ஜெயித்தது எது? எண் போட்டது.

இன்னொரு கேள்வி. ஆறு கிளாஸும் ஒரே மாதிரி கிளாஸ்தானா?

#6 மரப்பீப்பாய் (கிளாஸ்கோ)

இந்தக் கேள்வி வராது என்று நினைத்தேன்.

வீட்டில் க்ளென்கெய்ர்ன் என்ற விஸ்கி கிளாஸ் நாலுதான் இருக்கிறது. மற்ற இரண்டும் டீ குடிக்கிற கண்ணாடி டம்ளர். மனைவியிடம் கேட்டேன், டம்ளரில் போனது எது என்று. 18ம் அந்தப் பரிசும்.

#7 திருவல்லிக்கேணி (சென்னை)

ஹா ஹா ஹா. மூக்கில் ஒன்றுமே இல்லை என்று எழுதினாரே மனுஷன். டம்ளரில் எங்கே இருக்கும்!

#8 நுகர்வோன்

அதேதான். க்ளென்கெய்ர்ன் மாதிரி அடி அகன்று வாய் குறுகிய கிளாஸ் வாசத்தைக் கூட்டி மூக்கில் கொண்டுவந்து தரும். வாய் அகன்ற டம்ளரில் மெல்லிய சரக்குதான் முதலில் காணாமல் போகும். பீட் போட்டதைக் குடத்தில் ஊற்றினாலும் தெரியும்.

#9 சிற்றலை (சிங்கப்பூர்)

நான் புதிது. சிரிக்காமல் பதில் சொல்லுங்கள். கடையில் நிற்கிறேன், பாட்டிலைத் திறக்க முடியாது, எண் இல்லை. எதைப் பார்த்து வாங்குவது? அப்புறம், "ஊகடால்" என்று மேலே ஐயா எழுதியது எந்த பாட்டில்? தேடினால் கிடைக்கவில்லை.

#10 பழைய பெக்

எழுத்தைப் பார்த்தால் உயிகியடைல் என்று வரும், வாயில் ஊகடால். பேரில் கடல் இருந்தாலும் அது கடல் இல்லை, ஆர்ட்பெக்குக்கு மேலே குன்றில் இருக்கும் ஏரி. வடிசாலைக்குத் தண்ணீர் அங்கிருந்துதான். 54.2%. இதே கேலிக் மொழி வம்பு எல்லாப் பெயரிலும் உண்டு. க்ளென் கேரியாக் என்று எழுதியிருப்பது க்ளென் கீரி. கடைக்காரரே தப்பாகத்தான் சொல்வார், கவலைப்படாதே.

கடையில் முதலில் ஆல்கஹால் அளவைப் பார். 40 என்பது சட்டம் அனுமதிக்கும் அடிமட்டம். எண்ணும் இல்லை, அளவும் 40 என்றால் விலை மலிவாக இருந்தாலொழிய நான் வைத்துவிடுவேன். 46க்கு மேலே என்றால் பெரும்பாலும் குளிர்வடிகட்டல் செய்திருக்க மாட்டார்கள். ஏனென்றால் குளிரில் கலங்கலாகும் தொல்லை அந்த அளவில் வராது. வடிகட்டும்போது போகும் கொழுப்புச் சத்துதான் வாயில் வழவழப்பு தருவது.

அப்புறம் நிறம். கேரமல் சாயம் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. ஜெர்மனியில் விற்கும் பாட்டிலில் சாயம் இருந்தால் "மிட் ஃபார்ப்ஸ்டாஃப்" என்று அச்சடித்தே ஆக வேண்டும். அதனால் சந்தேகம் வந்தால் ஜெர்மன் கடைகளின் இணையப் பக்கத்தில் அதே பாட்டிலைத் தேடுவேன். நல்ல வேடிக்கை, சில பெரிய பெயர்கள் எல்லாம் அங்கே மாட்டிக்கொள்ளும்.

லேபிளில் என்ன பேசுகிறார்கள் என்று படி. எந்தப் பீப்பாய், முதல் தடவை நிரப்பியதா, எத்தனையாவது தொகுப்பு என்று எழுதியிருந்தால் கேட்கலாம். வைக்கிங், புயல், ராஜா, நரி என்று கதை மட்டும் இருந்தால் ஜாக்கிரதை. அபர்லோர் அபூனாவைப் பார், எண் இல்லை. ஆனால் தொகுப்பு எண் இருக்கும், முழுக்க ஒலரோசோ ஷெர்ரி ஒயின் கிடந்த பீப்பாய் என்று இருக்கும், தண்ணீர் சேர்க்காமல் 60% பக்கம் அடைத்திருப்பார்கள். க்ளென்ஃபார்க்ளாஸ் 105ம் அந்த ஜாதி. கில்ஹோமன் மக்கீர் பே வாங்கினால் வடிசாலையே 2005ல் தொடங்கியது என்பதால் நீயே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ப்ரூக்லாடிக்காரர்கள் கிளாசிக் லாடி பாட்டிலில் இருக்கும் குறியீட்டைத் தங்கள் தளத்தில் போட்டால் எந்த வருஷத்துப் பீப்பாய்கள் உள்ளே போயின என்று காட்டுகிறார்கள். ஆர்ட்னமர்கனில் பாட்டிலிலேயே கியூஆர் கட்டம். இப்படிச் செய்ய முடியும் என்று தெரிந்த பிறகும் வாயைத் திறக்காதவர்களுக்கு என் காசைத் தர மனசு வரவில்லை.

#11 கொட்டடி (டொராண்டோ)

வாயைத் திறந்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்லுங்கள் ஐயா. கம்பஸ் பாக்ஸ் என்ற நிறுவனம், சிங்கிள் மால்ட் இல்லை, கலப்புச் சரக்குதான். தங்கள் இரண்டு போத்தல்களில் எந்தச் சரக்கு எவ்வளவு, ஒவ்வொன்றுக்கும் எத்தனை வயது என்று முழுச் சமையல் குறிப்பையும் வெளியிட்டது. சட்டத்துக்கு விரோதம் என்று முறைப்பாடு வந்து நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். இளையதன் வயதை மட்டும் சொல்லலாம், மற்றதைச் சொன்னால் குற்றம்! ஏமாற்றைத் தடுக்கப் போட்ட விதி, உண்மையைச் சொல்பவனைப் பிடித்தது. 2016ல் அவர்கள் விதியை மாற்றச் சொல்லி இயக்கமே நடத்தினார்கள்.

அதே வருஷம் அவர்கள் செய்த நக்கல்தான் எனக்குப் பிடித்தது. "மூன்று வருஷ டீலக்ஸ்" என்று ஒரு போத்தல். உள்ளே மூன்று வருஷச் சரக்கு ஒரு சதவீதம்கூட இல்லை, மீதி எல்லாம் அதைவிடப் பல வருஷம் மூத்தது. சட்டப்படி லேபிளில் மூன்று. விலையைப் பார்த்தவன் மயங்கி விழவேண்டும்.

#12 திருவல்லிக்கேணி (சென்னை)

எண் ஊருக்கு ஊர் வேறு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்துக் கிடங்கில் வருஷத்துக்கு இரண்டு சதவீதம் போல ஆவியாகிறது. பெங்களூரு வெயிலில் அம்ருத்காரர்களுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல். நாலைந்து வருஷத்தில் பீப்பாயில் பாதிதான் மிஞ்சும் என்றால் 18 என்று எப்படிப் போடுவது? அவர்கள் 2004ல் சிங்கிள் மால்ட்டை முதலில் கொண்டுபோய் இறக்கிய ஊர் எது தெரியுமா? மரப்பீப்பாய் அண்ணன் இருக்கிற அதே கிளாஸ்கோ. எண் இல்லாமலேதான் வாங்கினார்கள்.

அது ஸ்காட்ச் இல்லை என்று யாரும் கிளம்ப வேண்டாம், தெரியும்.

இன்னொன்று. தண்ணீர் ஊற்றுவது பாவமா? எங்கள் செட்டில் ஒருத்தன் ராவாக அடிக்காதவனை மனுஷனாகவே மதிக்க மாட்டான்.

#13 நுகர்வோன்

அவனை எங்கள் இடத்தில் ஒரு நாள் உட்கார வைக்க வேண்டும். விஸ்கி கலப்பவர்கள் மாதிரிகளை முகர்வதே பெரும்பாலும் தண்ணீர் ஊற்றி 20 சதவீதத்துக்கு இறக்கித்தான். ஆல்கஹாலின் எரிச்சல் அடங்கினால்தான் குறை வெளியே வரும்.

ஸ்வீடனில் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தில் 2017ல் இதைக் கணினியில் போட்டுப் பார்த்தார்கள். பீட் புகை வாசத்துக்குக் காரணமான குவாயகோல் என்ற பொருளை எடுத்துக்கொண்டார்கள். 45% வரைக்கும் அது மேற்பரப்பில், மூக்குக்குப் பக்கத்தில் நிற்கிறது. 59%க்கு மேலே போனால் ஆல்கஹால் அதைச் சூழ்ந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆகவே 60% அபூனாவை ராவாகக் குடிப்பவன் வாங்கிய வாசத்தில் ஒரு பங்கை பாட்டிலிலேயே விட்டுவிடுகிறான்.

இளசா என்று பார்க்கவும் தண்ணீர்தான் வழி. சொட்டுச் சொட்டாக விடுங்கள். பச்சைச் சரக்கு தண்ணீர் பட்டதும் கட்டு விட்டுப்போகும், பேரிக்காயும் தானியமும் தனியாக எழும். நன்றாக முதிர்ந்தது தண்ணீரைத் தாங்கும். குடித்து முடித்த கிளாஸைக் கழுவாமல் வைத்துவிட்டுக் காலையில் முகர்ந்து பாருங்கள். ஆல்கஹால் எல்லாம் போயிருக்கும், பீப்பாய் மட்டும் நிற்கும். சிலதில் ஒன்றுமே நிற்காது.

மரப்பீப்பாய், திரும்பச் செய்வதாக இருந்தால் இப்படிச் செய்யுங்கள். ஒரே மாதிரி கிளாஸ், கடைசாதி ஒயின் கிளாஸானாலும் பரவாயில்லை. குவார்ட்டர் கேஸ்க் 30 மில்லிக்கு 6 மில்லி தண்ணீர் சேர்த்தால் 48 என்பது 40 ஆகிவிடும். அதையும் லஃப்ராய்க் 10ஐயும் வையுங்கள். ஆளுக்கு மூன்று கிளாஸ்: இரண்டில் ஒன்றே, மூன்றாவதில் மற்றது. எது தனி என்று கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொருவரும் மூன்று சுற்று. மொத்தம் 15 பதில். குருட்டாம்போக்கில் சொன்னாலே 5 சரியாக வரும். 9 வந்தால்தான் வித்தியாசம் தெரிகிறது என்று நான் ஒப்புக்கொள்வேன்.

குடிக்க வேண்டாம், வாயில் கொப்பளித்துத் துப்புங்கள். மூன்றாவது சுற்றில் நாக்கு இருக்க வேண்டும்.

#14 மரப்பீப்பாய் (கிளாஸ்கோ)

ஒரு வாரம் கழித்து வருகிறேன். செய்து முடித்தாயிற்று.

பக்கத்துத் தர்மக் கடையில் ஒன்பது ஒயின் கிளாஸ் வாங்கினேன், எல்லாம் ஒரே அளவு. தண்ணீர் அளக்க மகனின் இருமல் மருந்து சிரிஞ்சு. அதே ஐந்து பேர். இந்தத் தடவை துப்புவதற்கு ஆளுக்கு ஒரு குவளை வைத்ததைப் பார்த்து மச்சான், "விருந்தா, பல் ஆஸ்பத்திரியா?" என்றான்.

15க்கு 8 சரி. நுகர்வோன் கேட்டதற்கு ஒன்று குறைவு. தண்ணீர் சேர்த்ததும் அந்தத் தேங்காய் பர்ஃபி பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. ஆனால் கூர்ந்து பார்த்தால் ஒரு இனிப்பு நுனியில் நிற்கிறது, அதைப் பிடித்தவர்கள் பிடித்தார்கள். மூன்று சுற்றும் சரியாகச் சொன்னது மச்சான் மட்டும்தான். இவ்வளவுக்கும் ஐலா சரக்கு எல்லாமே டெட்டால் என்று சொல்கிறவன். நான் மூன்றில் ஒன்று. அதுவும் குருட்டாம்போக்கு.

பிறகு 18ஐயும் பரிசாக வந்ததையும் ஒயின் கிளாஸில், தாள் சுற்றி, பக்கத்துப் பக்கத்தில். 43ஐயும் 40க்கு இறக்கிவிட்டேன். இதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, ஐந்து பேரும் ஒரே பக்கம். என் தாளில்: "உலர்ந்த ஆரஞ்சுத் தோல், பழைய மர பீரோவைத் திறந்தால் வரும் வாசம், பேரீச்சை. விழுங்கிய பிறகும் ரொம்ப நேரம் கிராம்பு." அது 18. மற்றதற்கு எழுதியது "பச்சைப் பேரிக்காய், சர்க்கரைத் தண்ணீர்" என்று மட்டும். மறுநாள் காலை காலி கிளாஸையும் முகர்ந்தேன். ஒன்றில் பீரோ இன்னும் திறந்தே இருந்தது, மற்றதில் கிளாஸ் வாசம்தான்.

ஆக, வயது முக்கியமே இல்லை என்று முதல் பதிவில் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். அதற்கு முன்னால் எண் இல்லாததைத் தொடாதே என்று சொன்னதையும் வாபஸ் வாங்குகிறேன். நேற்று ஊகடால் ஒன்று வாங்கி வந்தேன், எண் இல்லை, 54.2, பத்து நிமிஷம் லேபிளைப் படித்துவிட்டுத்தான் காசைக் கொடுத்தேன். கொட்டடி, விலை விஷயத்தில் உங்கள் பக்கம்தான்.

#15 கொட்டடி (டொராண்டோ)

18இன் விலையை வீட்டில் சொல்லியாயிற்றா அண்ணை?

#16 மரப்பீப்பாய் (கிளாஸ்கோ)

கிளாஸில் ஊற்றியதே அவள்தான். ரசீது பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது. முதல் நாளே பார்த்துவிட்டு, வேண்டுமென்றே டம்ளரில் ஊற்றியிருக்கிறாள்.

#17 திருவல்லிக்கேணி (சென்னை)

அண்ணிக்கு ஒரு க்ளென்கெய்ர்ன் செட் வாங்கிக் கொடுங்கள், ஆறு கிளாஸாக.